பதினொரு பக்க ஃபக்கீரப்பா

தார்வாட்டில் சப்தாபூர் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது சர்க்கார் வேலைக்குப் படிக்கிற ஒருவன் தலையில் விழும். அங்கிருந்து துள்ளி அடுத்தவன் தலைக்குப் போகும். மூன்றாவது தலையைத் தொடுவதற்குள் கல்லுக்கே பொது அறிவு வந்து, நம் மாநிலத்தில் எத்தனை தாலுகா என்று சொல்ல ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பன்னிரண்டு வருஷமாக மிர்ச்சி பஜ்ஜியும், பொரியில் காரம் போட்டுப் பிசைகிற கிர்மிட்டும் விற்கிறேன். நான் படித்தது நாலாவது வரைக்கும். அதிலும் ஒரு வருஷம் மழையில் பள்ளிக்கூடத்துக் கூரையே போய்விட்டது. ஆனால் எம்.ஏ. படித்தவனெல்லாம் என் மிளகாயைக் கடித்துவிட்டு என் முன்னால் அழுதிருக்கிறான்.

என் வண்டிக்கு நேர் பின்னால் ஃபக்கீரப்பா கம்மாரின் கடை. 'ஆன்லைன் சென்டர்' என்று பலகை. உள்ளே ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு நாற்காலி. இரண்டு பேர் உள்ளே இருந்தால் மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்து அவன் செய்கிற வேலை, பிடிஎஃப் கட்டுவது.

பிடிஎஃப் என்றால் என்னடா என்று ஒருநாள் கேட்டேன்.

"உன் வீட்டுக் காகிதத்தையெல்லாம் வரிசையா அடுக்கி, ஊசி நூல் இல்லாம ஒரே கட்டாத் தைக்கிறது, ருத்ரண்ணா."

"ரேஷன் கார்டையுமா?"

"உன் கல்யாணப் பத்திரிகையைக் குடுத்தாலும் தைப்பேன். ஆனா அதுக்கு எந்த ஆபீஸ்லயும் வேலை குடுக்க மாட்டாங்க."

வேலைக்கு மனு போடுகிற இடத்தில் எல்லாச் சான்றிதழும் ஒரே கட்டாக வேண்டும் என்பார்கள். பத்தாவது, பியூசி, டிகிரி, சாதி, வருமானம், கிராமத்தில் படித்ததற்கு ஒன்று, கன்னடத்தில் படித்ததற்கு ஒன்று, இன்னும் என்னென்னவோ. எல்லாம் சேர்ந்து ஐநூறு கேபி. கேபி என்பது கணினிக்குள் காகிதத்தின் எடை என்று அவன் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறான். எடை கூடினால் தள்ளிவிடுவார்கள். குறைத்தால் முத்திரை மங்கிவிட்டது என்று தள்ளுவார்கள். பக்கம் தலைகீழாக இருந்தால் ஆளையே தலைகீழாக நினைத்துத் தள்ளுவார்கள்.

பிள்ளைகள் கொண்டுவருகிற காகிதத்தைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒருத்தன் சாதிச் சான்றிதழை ரோஜாப்பூ போட்ட படுக்கை விரிப்பில் வைத்துப் படம் எடுத்திருப்பான். ஒருத்தியின் மார்க் ஷீட்டில் பாதிக்கு அவள் அண்ணனின் கட்டைவிரல். ஃபக்கீரப்பா கணினியில் பிடிஎஃப் திருத்துகிற எடிட்டரைத் திறந்து ரோஜாவைப் பறித்துவிடுவான், கட்டைவிரலை வெட்டிவிடுவான், மடிப்பைத் துடைப்பான், கோணலை நிமிர்த்துவான். நாலாவது பக்கத்தை இழுத்து இரண்டாவதாக வைப்பான், காலிப் பக்கத்தைத் தூக்கி எறிவான். கசங்கிப்போய் வந்த காகிதம் மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும்.

ஆனால் எழுத்தைத் தொட மாட்டான். ஒருத்தன் வந்து, பிறந்த வருஷத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றித்தரச் சொன்னான். ஃபக்கீரப்பா எழுந்து நின்றான். கடையின் அளவுக்கு அவன் எழுந்து நின்றாலே எதிராளி வெளியே போய் விழவேண்டியதுதான்.

"பக்கத்தைத் திருப்புவேன். உன் வயசைத் திருப்ப மாட்டேன். நடையைக் கட்டு லே!"

இன்னொரு பிடிவாதமும் உண்டு. அனுப்புவதற்கு முன்னால் கட்டு முழுவதையும் ஒரு தடவை பிரிண்ட் எடுத்து, அவர்கள் கையில் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கச் சொல்வான். ஆபீசில் கடைசியில் காகிதத்தில் எடுத்துத்தான் பார்ப்பார்கள், ஆகையால் நாமும் காகிதத்தில் பார்க்கவேண்டும் என்பது அவன் கணக்கு. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பார்த்து முடித்த தாள்களெல்லாம் எனக்கு வரும். நான் அதில்தான் மிர்ச்சி மடித்துக் கொடுப்பேன். சப்தாபூரில் யாருக்கு எத்தனை மார்க் என்பது என் எண்ணெய்க்குத் தெரியும்.

பிரிண்டைப் பார்த்து முடித்ததும் ஃபக்கீரப்பா ஒரு மந்திரம் சொல்வான். பூசாரி மணி அடிக்கிற மாதிரி தினம் முப்பது தடவை சொல்வான்.

"நல்லாப் பாத்தியா? பட்டனை அமுக்கிட்டா அப்புறம் சாமியே நேர்ல வந்து நின்னாலும் மாத்த முடியாது. அமுக்கட்டுமா?"

ஆறு வருஷத்துக்கு முன்னால் சுவர்ணா ஹூகார் என்று ஒரு பெண். அனுப்பிய பிறகு, கிராமத்தில் படித்த சான்றிதழைச் சேர்க்கவில்லை என்று நினைவு வந்து, கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுத அழுகையில் என் கிர்மிட் நமத்துப்போனது. "ஏதாவது பண்ணுங்கண்ணா" என்று கும்பிட்டாள்.

"உனக்கு முன்னாடியே சொன்னேனா இல்லியா? அழாத. அடுத்த தடவை கண்ணைத் திறந்து வெச்சுக்க."

கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த தடவை அவளுக்கு அவன்தான் கட்டிக்கொடுத்தான். வேலையும் கிடைத்தது. பெங்களூருக்குப் போனாள்.

அவனும் இந்தப் பிள்ளைகள் மாதிரி வந்தவன்தான். நரகுந்துப் பக்கத்துக் கிராமம். இருபத்திரண்டு வயதில் ஒரு சுருட்டிய படுக்கையும் ஒரு பை சோள ரொட்டியுமாகத் தார்வாடு பஸ் நிலையத்தில் இறங்கினான். ஆறு மாதத்தில் வேலை வாங்கிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தானாம். அதற்குப் பிறகு எழுதிய பரீட்சை பத்தொன்பது. ஒன்றில் அரை மார்க் குறைவு. ஒன்றில் பாஸ், ஆனால் பரீட்சையையே ரத்து செய்துவிட்டார்கள். ஒன்றில் அவனுக்கு டைபாய்டு. சாப்பாட்டுக்காகத்தான் கடை போட்டான். நாற்காலியில் உட்கார்ந்து பிறர் மனுவைக் கட்டுவான், ஆள் இல்லாதபோது மேசைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். "கம்ப்யூட்டர் கடை" என்றதும் உள்ளேயிருந்து வருகிற உப்புமாத் தட்டு பாதி வழியில் நின்றுவிடும். நான் இரண்டு தடவை கூடப் போயிருக்கிறேன். உப்புமா கிடைக்காத கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பிறர் பார்த்துக் கட்டுவதற்காக அவன் செய்த மாதிரிக் கட்டைப் பற்றி இப்போது சொல்லவேண்டும்.

வருகிற ஒவ்வொருவனுக்கும் எந்தச் சான்றிதழ் முதலில், எது அடுத்தது என்று விளக்கித் தொண்டை வறண்டு, அவன் தன் சொந்தச் சான்றிதழ்களையே அழகாக அடுக்கி, பதினொரு பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் கட்டினான். 'சரியான வரிசை' என்று அதற்குப் பெயர் வைத்தான். கேட்டவன் கேட்காதவன் எல்லாருடைய போனுக்கும் அனுப்பினான். சப்தாபூரில் ஃபக்கீரப்பாவின் பத்தாவது வகுப்பு மார்க் இல்லாத போன் கிடையாது. அவன் கணக்கில் முப்பத்தாறு வாங்கியது பசு மாட்டுக்குக்கூடத் தெரியும்.

ஒருநாள் ஹூப்ளியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் யுனிவர்சிட்டியில் விசாரித்துவிட்டுப் போன் செய்து, "உங்க டிகிரி எண்ணுலயே இன்னொருத்தர் வேலைக்கு வந்திருக்காரே?" என்று கேட்டார். யாரோ ஒருத்தன் மாதிரிக் கட்டிலிருந்து டிகிரியைப் பிரிண்ட் எடுத்து, பெயரை மட்டும் ஒட்டி மாற்றியிருக்கிறான்.

ஃபக்கீரப்பா இரண்டு நாள் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாவது நாள் என்னை உள்ளே கூப்பிட்டான்.

"ருத்ரண்ணா, திரையைப் பாரு. என்ன தெரியுது?"

"உன் டிகிரி."

"வேற?"

"உன் டிகிரில வேற என்னடா இருக்கு?"

பிரிண்டர் முனகியது. தாள் வெளியே வந்தது. அதே டிகிரி, ஆனால் மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக, மிளகாய்ச் சிவப்பில், இரண்டு வார்த்தை: மாதிரி, செல்லாது.

"பிரிண்ட் எடுத்தாத்தான் தெரியும். திரையில தெரியாது. எடிட்டர்ல அப்படி ஒரு வசதி இருக்கு. படிக்கறவன் வரிசையப் படிச்சுக்கலாம். திருடறவன் காகிதத்துல எடுத்தா மாட்டிக்குவான். எப்படி?"

"ஆகாகா! உன்னைப் போய் இந்த மூணு அடிக் கடைக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்களே!"

பழையதை அழித்துவிடச் சொல்லி, சிவப்பு எழுத்துப் போட்ட கட்டை மறுபடியும் எல்லாருக்கும் அனுப்பினான். அந்த எழுத்து இல்லாத சுத்தமான கட்டை கணினியில் தனியாக வைத்துக்கொண்டான். அவனுக்கே வேலை வந்தால் அனுப்புவதற்கு.

நாலு வருஷம் போனது. போன ஆனி மாதத்துக்கு முந்தின ஆனியில் இடி. தார்வாட்டு மழையைப் பற்றி நான் சொன்னால் பொய் என்பீர்கள். என் வண்டி அன்றைக்கு மிதந்து கல்யாண நகர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இடி விழுந்ததில் ஃபக்கீரப்பாவின் கணினி உள்ளே வெந்துவிட்டது. எல்லாம் போய்விட்டது. அசல் சான்றிதழ்கள் பத்திரமாகத்தான் இருந்தன, ஊரில், அம்மாவின் தகர டிரங்குப் பெட்டியில். இந்தக் கடையின் ஒழுகலுக்குப் பயந்து அங்கே வைத்திருந்தான்.

புதுக் கணினி வந்ததும் நான்தான் யோசனை சொன்னேன். "உன் சான்றிதழுக்கு நீ எதுக்குடா அழறே? ஊர் பூரா போன்ல இருக்கே! யாரையாவது கேளு."

அவன் சிரித்தே விட்டான். டீ குடிக்க வந்த ஒரு பையனிடம் கேட்டான். அவன் போனிலிருந்து அரை நிமிஷத்தில் வந்தது. பதினொரு பக்கம், நானூற்று எண்பது கேபி, திரையில் பளிச்சென்று இருந்தது.

"போச்சுன்னு நெனச்சது திரும்பி வந்துடுச்சு ருத்ரண்ணா" என்று எனக்கு ஒரு பேடா வாங்கிக்கொடுத்தான். எந்தக் கட்டு போயிருந்தது, எந்தக் கட்டு வந்திருக்கிறது என்று அவனும் யோசிக்கவில்லை. பேடா தின்றுகொண்டிருந்த நானும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம்தான் கடைசிப் பரீட்சை. அவன் சாதிப் பிரிவுக்கு முப்பத்தெட்டு வயதோடு சரி. அவனுக்கு முப்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. குமாஸ்தா வேலை, பன்னிரண்டு இடம். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் என் மிர்ச்சிக்கு ஆள் இருக்கிறது.

பட்டியலில் அவன் ஒன்பதாவது.

போனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் வண்டிப் பக்கத்தில் நின்றான். வாய் கோணியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"என்னடா? பரீட்சை ரத்தா?"

"ஒம்பதாவது, ருத்ரண்ணா."

அன்றைக்கு நான் சும்மா கொடுத்த மிர்ச்சியை வரிசையாக அடுக்கினால் ஹூப்ளி வரைக்கும் போகும். அவன் அம்மா போனில், "யப்பா, நிசமாவா? யாரும் அழிக்க மாட்டாங்களே?" என்று மூன்று தடவை கேட்டது எனக்கே கேட்டது.

தேர்ந்தவர்கள் எல்லாச் சான்றிதழையும் ஒரே பிடிஎஃப்பாக, பத்து நாளுக்குள், கடைசி நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குள் அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த ஆளுக்கு இடம். அவ்வளவுதான் பாக்கி. அதைத்தான் அவன் இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் செய்துகொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடைசித் தேதி என்று போட்டால் ஒருத்தனும் அசைய மாட்டான். தேதியைத் தள்ளிப்போடுவார்கள் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. தள்ளிப்போட்டும் இருக்கிறார்கள். சர்வர் படுத்துவிடும், நாலு பேர் கூச்சல் போடுவார்கள், ஒரு வாரம் கூடக் கிடைக்கும். ஃபக்கீரப்பா இதற்காக ஊரையே திட்டுவான். ஆனால் அவனும் இந்த ஊர்த் தண்ணீரைத்தான் பதினாறு வருஷமாகக் குடிக்கிறான்.

"ஊருக்குப் போய் அசலை எடுத்து வந்து புதுசா ஸ்கேன் பண்ணேன்டா" என்றேன், மூன்றாவது நாள்.

"கட்டு ரெடியா இருக்கு அண்ணா. நானூத்தி எம்பது. இதுக்கு மேல என்ன பண்ணணும்? இவங்களுதை முடிச்சுட்டு என்னுதைப் போடறேன்."

கடைசி நாள் வந்தது. இதே வேலைக்கும், வேறு இரண்டு வேலைக்கும் அதே நாள். கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துச் சந்தை என்று நினைத்து ஒருத்தி வெங்காயக் கூடையோடு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் காலையிலேர்ந்து நிக்கறேன்!"

"நீ நேத்து வந்திருந்தா உட்காந்தே பண்ணியிருப்பேன்."

"தேதி தள்ளுவாங்கன்னு சொன்னாங்கண்ணா."

"யாரு சொன்னா? அவனையே உனக்கு வேலையும் குடுக்கச் சொல்லு. அடுத்தது யாரு? லே, என்ன இது, சான்றிதழா சப்பாத்தியா? யாரு இப்படி மடிச்சா?"

நாலு ஐம்பதுக்கு ஃபக்கீரப்பா தலையை வெளியே நீட்டினான்.

"ருத்ரண்ணா! பேப்பர் தீரப்போவுது. எனக்கு பதினொரு தாள் வேணும். ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கிட்டு வந்துடு. கால் மணி நேரத்துல வந்துடுவியா?"

"கால் மணி எதுக்கு? நான் கிளம்பின நிழல் இங்க இருக்கும்போதே திரும்பிடறேன்."

காகிதக் கடை ஏழு நிமிஷ நடை. போனேன். காகிதக் கட்டையும் வாங்கினேன். கடைக்காரர் பரமண்ணா, "என்ன உங்க ஆளு பாஸாமே?" என்று கேட்டார். நின்றேன். பாஸான கதையைச் சொன்னேன். உப்புமா நின்றுபோன கதையைச் சொன்னேன், வெங்காயக்காரி வந்து உட்கார்ந்ததைச் சொன்னேன், நடித்தும் காட்டினேன். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் சிரிக்கும்போது என் கால் நகராது, எனக்குப் பிறவியிலேயே அந்த வியாதி. காகிதக் கட்டு என் அக்குளில் இருந்தது.

நான் இல்லாதபோது நடந்ததை அங்கே நின்ற பிள்ளைகள் அப்புறம் சொன்னார்கள். மிச்சம் இருந்த ஆறு தாளையும் நவல்குந்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிரிண்ட் எடுத்தானாம். அதில் சாதிச் சான்றிதழ் தலைகீழாக இருந்தது தெரிந்து, நிமிர்த்தி அனுப்பினான். அவள் தப்பித்தாள். அப்புறம் தன் கட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தானாம். ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. சர்வர் நத்தை மாதிரி ஆகிவிட்டது. பின்னால் நின்றவர்கள், "அண்ணா, உங்களுதை அனுப்பிட்டு நாற்காலியை விடுங்கண்ணா, எங்களுக்கும் நேரம் ஆவுது" என்று கத்தினார்கள். ஒரு பையன், "பிரிண்ட் எதுக்குண்ணா, உங்க காகிதம் உங்களுக்குத் தெரியாதா?" என்றானாம். திரையிலேயே பதினொரு பக்கத்தையும் இரண்டு தடவை பார்த்தான். எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஐந்து இருபத்திரண்டுக்குப் பட்டனை அமுக்கினான்.

நான் வந்தபோது ஐந்து நாற்பது.

"என்ன, நிழல் வழியில தொலைஞ்சுபோச்சா?" என்றான். அவ்வளவுதான். சந்தோஷமாகத்தான் இருந்தான். காகிதக் கட்டைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தான். தேதியை யாரும் தள்ளிப்போடவில்லை.

இருபது நாள் கழித்து இறுதிப் பட்டியல் வந்தது. ஒன்பதாவது இடத்தில் வேறு பெயர். கீழே தள்ளப்பட்டவர்கள் என்று இன்னொரு பட்டியல். அதில் மூன்றாவது, ஃபக்கீரப்பா கம்மார். காரணம்: மாதிரி ஆவணம் சமர்ப்பிக்கப்பட்டது.

அவன் அதை மூன்று தடவை படித்தான். எழுந்து பிரிண்டரைப் போட்டான். அந்தக் கட்டைத்தான் அடித்தான். முதல் தாள் வெளியே வந்தது, இரண்டாவது வந்தது. மிளகாய்ச் சிவப்பில் குறுக்காக எழுத்து. மூன்றாவது தாளோடு பிரிண்டரை நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நரகுந்துக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அசலை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். நானும் வண்டியை மூடிவிட்டுக் கூடப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் என் வண்டி மூடிய நாட்கள் அவை மட்டும்தான்.

ஆபீசில் மூன்றாவது மாடி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கினாள். பிறகு எழுந்தே நின்றுவிட்டாள். சுவர்ணா ஹூகார். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கழுத்தில் தாலி.

"அண்ணா... உட்காருங்க. மாமா, நீங்களும் உட்காருங்க."

ஃபக்கீரப்பா உட்காரவில்லை. அசல்களை ஒவ்வொன்றாக அவள் மேசையில் வரிசையாக வைத்தான். அப்போதும் அவன் கை சரியான வரிசையில்தான் வைத்தது.

"எல்லாம் நிசம்தான் சுவர்ணா. நீயே தொட்டுப் பாரு. தப்பான கட்டு போயிடுச்சு, அவ்வளவுதான்."

அவள் ஒரு கோப்பை எடுத்தாள். உள்ளே பதினொரு தாள், பதினொன்றிலும் சிவப்பு. அடியில் கையெழுத்து. அவளுடையது.

"நீயா போட்டே?"

"பேரைப் பாத்ததும் கோப்பைத் தனியா எடுத்து வெச்சேண்ணா. இது உங்க மாதிரிக் கட்டுன்னு எனக்குத் தெரியாதா? என் போன்லயே இன்னும் இருக்கு. ஆனா பன்னெண்டு பேர் கோப்பும் மேல போவுது. நான் போடலன்னா என்னைக் கேப்பாங்க."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே தாயி?" என்றேன் நான்.

"பண்ணி என்ன ஆவும் மாமா? தேதி அதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு."

அசல்களை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனாள். பத்து நிமிஷம் ஆனது. உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது காகிதங்களை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"விதி இல்லையாம் அண்ணா. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு நூறு பேர் கோர்ட்டுக்குப் போவாங்களாம்." அசல்களை அவனிடம் நீட்டினாள். "நீங்கதானேண்ணா சொல்லுவீங்க, பட்டனை அமுக்கிட்டா அப்புறம்..."

முடிக்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அவளுக்கு வேறு வார்த்தை தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த வார்த்தையை அவன்தான் அவளுக்குக் கொடுத்திருந்தான்.

ஃபக்கீரப்பா கோப்பிலிருந்த முதல் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"எழுத்து நேரா விழுந்திருக்கு. உங்க பிரிண்டர் நல்ல பிரிண்டர்" என்றான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் ஒரு வேடிக்கை சொல்லப் பார்த்தேன். தாவணகெரே வரைக்கும் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். போனால் எட்டு வருஷம் ஆகும், அதற்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கே இடுப்பு வலி வந்துவிடும் என்றான். அந்தப் பயணத்தில் அவன் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான்.

நான் ஏன் தாமதமாக வந்தேன் என்று அவன் கேட்கவே இல்லை. பஸ்ஸிலும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு நான் நாலு பொய் தயாராக வைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, சாயங்காலம் நாலு மணி இருக்கும், மஹாந்தேஷ் என்று ஒரு பையன் கடைக்கு வந்தான். சவதத்திப் பக்கத்துப் பையன், எப்போதும் ஃபக்கீரப்பாவிடம்தான் கட்டுவான். கையில் பேடா பெட்டி. அதே குமாஸ்தா வேலைக்குப் பதின்மூன்றாவதாக இருந்தவன் பட்டியலில் மேலே ஏறிவிட்டான். மூன்று பேர் கழிந்த இடத்தில் ஒன்று அவனுக்கு. வேலையில் சேரக் காகிதமெல்லாம் ஒரே கட்டாக வேண்டும்.

வாசலில் தயங்கி நின்றான். "அண்ணா, நான் வேற கடைக்குக்கூடப் போயிருப்பேன். ஆனா..."

"வேற கடையில போய்த் தலைகீழாக் கட்டிக்கிட்டு வரவா? உள்ள வா."

ஃபக்கீரப்பா அவன் காகிதங்களை வாங்கினான். ஸ்கேன் செய்தான். ஒரு மடிப்பைத் துடைத்தான். மருத்துவச் சான்றிதழ் கோணலாக இருந்தது, நிமிர்த்தினான். இரண்டாவது பக்கத்தை ஆறாவதாக மாற்றினான். பேடாவில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்லுவதற்கு ரொம்ப நேரம் ஆனது.

"பிரிண்ட் எடுத்துப் பாத்துடலாம்" என்றான். பிரிண்டரில் காகிதம் இல்லை.

எனக்கு அது கேட்டது. கையைத் துடைத்தேன், அடுப்பைக் குறைத்தேன், செருப்பையும் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை எவன் என்ன கேட்டாலும் நிற்கக்கூடாது என்று ஓட்டத்துக்குத் தயாராக வண்டிக்கு முன்னால் வந்து நின்றேன்.

ஃபக்கீரப்பா வெளியே வந்தான். உள்ளே மஹாந்தேஷ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"நான் போறேன்டா, காசைக் குடு" என்றேன்.

"நீ எண்ணெயைப் பாரு, ருத்ரண்ணா" என்று சொல்லிவிட்டு அவன் பரமண்ணா கடைப் பக்கம் நடந்தான்.

பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான், காகிதக் கட்டு தோளில். வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கூட்டத்தை அப்படியே நிற்க வைத்துவிட்டு அவனே போய்த்தான் வாங்கி வருகிறான். நான் தினமும் அவன் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். இந்தக் கதையை வண்டியில் நின்று நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன், எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பேப்பர் வாங்கப் போனது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வேன்.